தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் தம்பி மகள் நித்திலா நிஜமாக அழுவதைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு இதயம் அனுப்பியிருக்கிறார்கள். 'எங்க வீட்டுக் குட்டியும் இப்படித்தான்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பெற்றவர்களே படம் எடுத்து, பின்னால் வயலின் சேர்த்து, 'நித்தி வீடு' சேனலில் போட்டது அது. பெற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் பார்த்தவர்களையும் ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் நான் தொடங்குவேன். எல்லோரும் நன்றாக இருங்கள்.

நான் சுகந்தி. கோபிக்குப் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் பரிசோதிக்கிற வேலை. கல்யாணம் கட்டி, ஒத்துவராமல் திரும்பி வந்து, என் வீட்டில் நான் ஒருத்தியாக இருக்கிறேன். தம்பி நவநீதனும் அவன் மனைவி ஹேமலதாவும் ஈரோட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார்கள். நித்திலா அவர்களுக்கு ஒரே பிள்ளை.

மெய்ப்பொட்டு வந்த புதிதில் ஒருநாள் நவநீதன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். எந்தப் படத்தையும் நம்ப முடியாமல் போயிருந்த காலம் அது. செத்த ஆள் வந்து ஓட்டுக் கேட்டான். பிறக்காத குழந்தை தாலாட்டுக்குக் கொட்டாவி விட்டது. எல்லாம் இயந்திரம் செய்த படம். ஜனங்களுக்குச் சலித்துப்போய், நிஜம் எது என்று காட்டு, அதை மட்டும்தான் பார்ப்போம் என்று நின்றுவிட்டார்கள். அதற்காக வந்ததுதான் இந்தப் பொட்டு. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டைவிடப் பெரிதில்லை.

"இது என்னடா பண்ணும்?" என்று கேட்டேன்.

"உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்கும்க்கா. நாடி, வேர்வ, மூளைக்குப் போற ரத்தம், எல்லாத்தையும். நெசமாவே உணர்ச்சி இருந்தா படத்தோட மூலைல பச்ச விழும். சும்மா நடிச்சா வெள்ள. அவ்வளவுதான்."

"பொய் சொன்னாக் கண்டுபுடிச்சுருமா?"

"பொய்யி நெசமெல்லாம் அதுக்குத் தெரியாது. உணர்ச்சி இருக்குதா இல்லையான்னுதான் பாக்கும். இரு, உனக்கு ஒட்டிக் காட்டறேன்."

ஒட்டினான். ஹேமலதாவைப் பார்த்து, 'உன் சாம்பார் ரொம்ப நல்லா இருக்குது' என்று சொல்லச் சொன்னான். சொன்னேன். வெள்ளைதான் விழுந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஹேமலதா கொஞ்சம் குறைவாகச் சிரித்தாள். பிறகு ஐந்து வயது நித்திலாவின் காதில் ஒட்டினார்கள். அவள் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை வந்துட்டாங்க" என்று மட்டும்தான் சொன்னாள். திரையின் மூலையில் அப்படி ஒரு பச்சை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நவநீதனும் ஹேமலதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் குளிர்ந்திருக்க வேண்டும், காரணம்தான் வேறு.

பெரியவர்களுக்குக் கேமரா முன்னால் பச்சை விழுவது அபூர்வம். முடி எப்படி இருக்கிறது, தொந்தி தெரிகிறதா என்கிற கவலையே மேலே மிதந்துகொண்டிருக்கும். குழந்தை அப்படியில்லை. ஐஸ்கிரீம் கீழே விழுந்தால் அதற்கு உலகமே விழுந்த மாதிரி. வாயைத் திறந்தால் பச்சை. ஒரே வருடத்தில் பிள்ளை வைத்திருந்த வீடெல்லாம் சேனல் வைத்திருந்தது.

எங்கள் சங்கத்திலும் இப்படித்தான் நடந்தது. ஒரு காலத்தில் பாலில் தண்ணீரும் மாவும் கலந்து ஊற்றினார்கள். கொழுப்பு காட்டும் இயந்திரம் வந்தது. அதையும் ஏமாற்றிப் பார்த்தார்கள். ஏமாற்ற முடியாத இயந்திரம் ஒன்று வந்ததும் கலப்படத்தை விட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ட ஊசியையும் அதற்குப் போட்டார்கள். பால் என்னவோ சுத்தமான பால்தான்.

நித்திலாவுக்கு ஏழு வயது நடக்கும்போது அந்தத் தவிட்டு விவகாரம் நடந்தது. எங்கள் பக்கத்தில் 'உன்னைத் தவுட்டுக்கு வாங்குனம்' என்று சீண்டப்படாத பிள்ளையே கிடையாது. என்னையும் சொல்லியிருக்கிறார்கள், நவநீதனையும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை மூஞ்சியைத் தொங்கப்போடும். 'போங்க, பொய்யி' என்று சொல்லும். உதடு பிதுங்குகிற நேரத்துக்கு யாராவது ஒருவர் வாரி எடுத்து, 'எஞ்சாமி, சும்மா சொன்னம்' என்று முத்தம் கொடுப்பார்கள். அந்த விளையாட்டின் உயிரே அந்த வாரி எடுப்பதில்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நவநீதன் என்னை வரச்சொல்லியிருந்தான். போனால் கூடத்தின் நடுவில் நிஜமாகவே ஒரு மூட்டை தவிடு. அலமாரி மேல் கேமரா, நித்திலாவின் காதுக்குப் பின்னால் வழக்கம்போலப் பொட்டு. அதன் பக்கத்தில் அழுக்கு வேட்டியில் ஒரு ஆள், வெளுத்த கைத்தறிச் சேலையில் ஒரு பெண். நாடகத்தில் நடிக்கிறவர்களாம், சமையலறையில் வைத்து ஹேமலதா என் காதில் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பழைய சீண்டலைப் பெரிய அளவில் செய்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்து காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்தேன்.

நவநீதன் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னான்: "நித்தி, இவங்கதான் உன்னப் பெத்தவங்க. அப்ப ஒரு மூட்டத் தவுட்டுக்கு உன்ன எங்களுக்குக் குடுத்தாங்க. இப்பத் தவுட்டத் திருப்பிக் குடுத்துட்டு உன்னயக் கூட்டிட்டுப் போக வந்துருக்காங்க."

நித்திலா சிரித்தாள். "போங்கப்பா, பொய்யி."

யாரும் சிரிக்கவில்லை. ஹேமலதா உள்ளேயிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் நித்திலாவின் பள்ளிச் சீருடைகள் மடித்து அடுக்கியிருந்தன. அதைப் பார்த்ததும்தான் பிள்ளையின் சிரிப்பு நின்றது. "அம்மா" என்றாள். ஹேமலதா திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைக்கிற மாதிரி செய்தாள். அந்த ஆள் குழந்தையைத் தூக்கினான். அவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் நல்லாப் படிக்கறேம்மா, நான் பருப்புஞ்சோறு எல்லாம் தின்னுக்கறேம்மா" என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தவன் என் தம்பி.

மின்தூக்கி மூடிக்கொண்டது. நான் டம்ளரைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் ஓடினேன். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தவனிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன். அவள் என் தோளெல்லாம் வாந்தி எடுத்தாள். பின்னாலேயே கேமராவோடு வந்த நவநீதனுக்குக் கோபம். "இன்னும் ரெண்டு நிமிசம் உட்டிருந்தா நாங்களே சொல்லிருப்பம். நீ எதுக்குக்கா நடுவுல வந்த?"

"மனுசனாடா நீ? கொழந்த பயத்துல வாந்தி எடுக்குது, பாரு."

"நம்மள சொல்லலியா? நீயும் நானும் செத்தா போயிட்டம்?"

"நம்மளத் தூக்கிட்டு எவனும் கார் ஏறலடா. இரு, போலீசுல சொல்றேன். கொழந்தய வேலைக்கு உடக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுல்ல?"

அவன் சிரித்தேவிட்டான். "வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்றம். நடிச்சாத்தானக்கா அது வேல? அவ நெசமாத்தான அழுதா. பச்சயே சொல்லுது பாரு. கொழந்த ஊட்டுல அழுவறது வேலைன்னு எந்தச் சட்டத்துல இருக்குது?"

அந்தப் படத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை பச்சை அணையவே இல்லை. நான் அவளை வாரி எடுத்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னும் நான்கு சேனல்களில் தவிட்டு மூட்டை வந்தது. அரிசி மில்காரர்களுக்கு நல்ல வியாபாரம்.

அதற்குப் பிறகு நான் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நித்திலாவைப் பார்க்க வேண்டுமென்றால் சேனலில் பார்க்க வேண்டியதாகிவிட்டது, ஊரோடு சேர்ந்து. செல்லமாக வளர்த்த முயலை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். பிறந்தநாள் கேக்கை வெட்டும் முன்னால் தட்டிவிட்டார்கள். பள்ளித் தோழிகளைக் கூப்பிட்டு, இவளைப் பிடிக்கவில்லை என்று சொல்லவைத்தார்கள். ஒவ்வொன்றிலும் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது. அவளுக்குப் பத்து வயது ஆனபோது வெள்ளை மட்டும்தான். முகம் அழும், கண்ணில் தண்ணீர் கூட வரும், மூலையில் வெள்ளை. பார்க்கிறவர்கள் 'ஏமாற்று வேலை' என்று எழுதிவிட்டு வேறு பிள்ளையைத் தேடிப் போனார்கள்.

அந்த ஏப்ரலில் நவநீதன் தானாகவே எனக்குப் போன் செய்தான். "நித்திக்கு என்னமோ ஆயிருச்சுக்கா. என்ன பண்ணியும் பச்ச வரமாட்டேங்குது. டாக்டரு எடம் மாத்திப் பாருங்கங்கறாரு. லீவுக்கு உங்கிட்ட உடட்டுமா?" மடி வற்றிய மாட்டைப் பற்றி எங்கள் சங்கத்தில் வந்து சொல்வார்களே, அதே குரல். நான் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன். எப்படியோ பிள்ளை என்னிடம் வந்தால் போதும் என்றிருந்தது.

வந்தவள் நான் மடியில் வைத்திருந்த நித்திலா இல்லை. எதைக் கேட்டாலும் 'சரிங்க அத்தை'. தோசை கருகினாலும் சரி, கருகாவிட்டாலும் சரி. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள், ஒரு நொடி தாமதமாக. ஒருநாள் என்னோடு சங்கத்துக்கு வந்தபோது இரும்பு ஷட்டர் இறங்கி அவள் விரலை நசுக்கியது. நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. எனக்குத்தான் கத்தல் வந்தது. அவள் அந்த விரலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்கலியா கண்ணு?"

"வலிக்குதுங்க அத்தை."

மருந்து வைத்துக் கட்டினேன். "எப்புடிச் சாமி இத்தனை வலியத் தாங்கற?" என்று கேட்டேன்.

அவள் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "இது சும்மா வலிதானுங்க அத்தை. அழுவறதுக்கு அது பத்தாது. ஊட்டுல பொட்டு ஒட்டிட்டாங்கன்னா அவங்க நெத்தியத்தான் பாக்கோணும். கண்ணப் பாக்கக்கூடாது. கண்ணப் பாத்தா அம்மான்னு தெரிஞ்சுரும். நெத்திய மட்டும் பாத்துட்டே இருந்தா யாரோன்னு ஆயிருவாங்க."

"யாரோன்னா?"

"தவுட்டுக்கு வாங்குனவங்க. அவங்க அடிச்சா வெறும் வலி. அம்மா அடிச்சாத்தானுங்க அழுக வரும்."



அந்த வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட உட்காரவைத்தபோது முதுகைப் பார்த்தேன். மடக்கிய கயிறு விழுந்த மாதிரி வளைந்து வளைந்து தடங்கள். புதிதும் பழையதுமாக. சார்ஜர் வயர் என்றாள். குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு வெளியே தாழ் போடுவார்கள் என்றும் சொன்னாள். உள்ளே இருட்டிலும் படம் எடுக்கிற கேமரா ஒன்று இருக்குமாம். மூன்று வருடமாக இது நடந்திருக்கிறது. நான் அதே மூன்று வருடமும் இங்கே உட்கார்ந்து பாலுக்குக் கொழுப்பு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையை யாராவது இப்படிச் செய்வார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவர்களையே கேட்டேன்.

லீவு முடிந்து கூட்டிப்போக வந்தவர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். நவநீதன் எகிறினான். அவனை விடுங்கள், அவன் சிறுவயதிலிருந்தே எகிறுகிறவன். ஹேமலதா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணி, பச்சைக்காகன்னு நெனைக்கறீங்களா? இல்லீங்க. அவ எங்கிட்டப் பேசறதே இல்ல. கட்டிப்புடிச்சாலும் மரம் மாதிரி நிக்கறா. முத்தம் குடுத்தா தொடைக்கக்கூட மாட்டேங்கறா. எதயாவது ஒண்ண அவ உணரோணும்ங்க. அடிச்சாலாவது எம்மேல ஒரு கோவம் வரும்ல? 'ஏம்மா அடிக்கற'ன்னு ஒரு வார்த்த கேப்பாள்ல? அதுவும் கேக்கலீங்க அண்ணி. நான் வேற என்னதாங்க பண்றது?"

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய்ச் சிறார் காப்பு அமர்வுக்குப் புகார் அனுப்பினேன்.

விசாரணை வர ஆடி மாதம் ஆகிவிட்டது. அதுவரை பிள்ளை என்னிடம் இருக்கலாம் என்று உத்தரவு போட்டார்கள். அந்த நாட்களில் அவள் கொஞ்சம் திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டு நாயோடு சண்டை போட்டாள். ரசத்தில் உப்பு அதிகம் என்று என்னிடம் முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பைப் பார்த்து நான் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். முதுகுத் தடங்களும் ஆறிவிட்டன. அதற்குச் சந்தோஷப்படுவதா, ஆதாரம் போகிறதே என்று கவலைப்படுவதா என்று தெரியவில்லை. நான் எடுத்து வைத்திருந்த படங்கள் செல்லாது என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார். இயந்திரம் எந்த முதுகிலும் எந்தத் தடத்தையும் வரைந்துவிடுமாம். உள்ளூர் மருத்துவர் எழுதிக்கொடுத்ததில், 'விழுந்ததாலும் ஏற்பட்டிருக்கலாம்' என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அவர் 'நித்தி வீடு' பார்க்கிறவர்.

"அப்ப எதுதாங்க செல்லும்?" என்று வக்கீலைக் கேட்டேன்.

"பொண்ணு வாயால சொல்லோணுங்க. பொட்டு ஒட்டிட்டுத்தான் கேப்பாங்க. இப்பச் சட்டமே அப்புடித்தான். பெரியவங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்து அனுப்பிடறாங்கன்னு கொண்டாந்தாங்க. பச்ச உழுந்தா சாட்சி. வெள்ளைன்னா ஒப்பிக்கறதுன்னு அர்த்தம்."

"அது பொய் கண்டுபுடிக்கற மிசினு இல்லீங்களே. வித்தவங்களே அப்புடிச் சொல்லலியே."

"விக்கறவங்க சொல்லலீங்க. சட்டம் போட்டவங்க சொல்லிட்டாங்க."

நான் நித்திலாவை உட்காரவைத்து, அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், பயப்படாமல் நடந்ததைச் சொல் என்று மட்டும் சொன்னேன். பொட்டு ஒட்டுவார்கள் என்பதையும் சொன்னேன். அவள் சரிங்க அத்தை என்றாள்.

அமர்வில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் குழந்தை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்தாலே கும்பிடத் தோன்றும் முகம். பிள்ளைகளுக்கென்று மேஜையில் கடலை மிட்டாய் வைத்திருந்தார். நித்திலாவுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கித் தானே பொட்டை ஒட்டினார். அதே கம்பெனிப் பொட்டு. ஒட்டியதும் நித்திலாவின் தோள்கள் இறங்கின. ரசத்துக்கு முகம் சுளித்த பிள்ளை என் கண் முன்னாலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"அப்பா அடிப்பாங்களா கண்ணு?"

"அடிப்பாங்க."

சுவரில் மாட்டியிருந்த திரையின் மூலையில் வெள்ளை.

"எதுல?"

"சார்ஜர் வயர்ல. மடிச்சு."

வெள்ளை.

"அம்மா?"

"அம்மாவும். பாத்ரூம்ல போட்டுப் பூட்டுவாங்க."

வெள்ளை. எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மாளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து வந்து, நித்திலாவுக்கு நேராகக் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க யாரும் உன்ன ஒண்ணும் பண்ணமாட்டாங்க. பூட்டி வெச்சாங்களே, அப்ப உனக்கு எப்புடி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாத்துச் சொல்லு. அழுக வந்தா அழுதுரு. அழலாம், தப்பே இல்ல."

நித்திலா அவருடைய நெற்றியைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுந்து நின்று கத்தினேன். "அவ உங்க நெத்தியப் பாக்கறாளுங்க அம்மா! பொட்டக் கழட்டிட்டுக் கேளுங்க, அவ எல்லாஞ் சொல்லுவா!" என்னை உட்காரச் சொன்னார்கள். உட்காராவிட்டால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்கள்.

"இருட்டா இருந்துச்சுங்க" என்றாள் நித்திலா. வெள்ளை.

"சரி கண்ணு. நீ யார்கூட இருக்க ஆசப்படற?"

"அத்தைகூட."

திரையில் அதற்கும் வெள்ளைதான். ஐந்து வயதில் இதே பிள்ளை என் மடியில் உட்கார்ந்து சொன்னபோது விழுந்த பச்சையை நான் ஒருத்திதான் அந்த அறையில் பார்த்தவள். இல்லை, நவநீதனும் ஹேமலதாவும் பார்த்திருக்கிறார்கள். நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வக்கீல் எழுந்து, பிள்ளை உணர்ச்சியை அடக்கப் பழகியிருக்கிறது, பழக்கியவர்கள் இவர்கள்தான் என்று வாதாடினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "பத்து வயசுக் குழந்தை அத்தனையையும் அடக்கிரும்னு சொல்றீங்களா? நாற்பது வருசம் குழந்தைங்களைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரிஞ்சு இல்ல. சரி, அப்படியே வெச்சுக்குவோம். அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?" என்றார். ஆதாரம் அந்த வெள்ளைதான். அதைத்தான் எதிர்த்தரப்பும் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஹேமலதாவுக்கு ஒட்டினார்கள். அவள் நித்திலாவைப் பார்த்து, "வாம்மா, ஊட்டுக்குப் போலாம். அம்மாகூட வந்துருடா" என்று சொல்லி உடைந்துபோனாள். சுவர் முழுக்கப் பச்சை. ஓரத்தில் இருந்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசியில் என்னிடம் வந்தார்கள். எனக்கும் ஒட்டினார்கள். எனக்கும் பச்சைதான் விழுந்தது, கோபப் பச்சை. குழந்தை இல்லாத ஒரு பெண்ணுக்குத் தம்பி மனைவி மேல் இருக்கிற கோபம் நிரூபணமாகிவிட்டது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார்.

குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது, தாயின் பாசம் உறுதிப்படுகிறது, குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கவும் என்று தீர்ப்பு. குழந்தையின் மனநலம் கருதி நான் ஒரு வருடத்துக்கு அவளைச் சந்திக்கக்கூடாது. அந்த அம்மாள் வெளியே போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷிதான். நல்லவர்களை வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்ய முடிகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நித்திலாவின் துணிப்பையை எடுத்துக்கொடுக்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சு. பொட்டைக் கழற்றியிருந்தார்கள், ஒட்டின இடம் சிவந்திருந்தது. அவள் கடலை மிட்டாயைக் கையிலேயே வைத்திருந்தாள், தின்னவில்லை. அந்தப் பக்கம் நவநீதன் காரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தான். எனக்கு வாயைத் திறந்தால் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுகை வரும் போலிருந்தது, அதனால் அவளுடைய செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.

"அத்தை."

"சொல்லு சாமி."

"அந்தம்மா அழச் சொன்னாங்கள்ல? அப்ப நான் அழுதிருந்தா உங்ககூட அனுப்பிருப்பாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். வரவில்லை. "அனுப்பிருப்பாங்க கண்ணு."

அவள் யோசித்தாள். முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. ஒரு கணக்கைத் திரும்பச் சரிபார்க்கிற முகம்.

"ஊட்டுலயும் அப்புடித்தாங்க அத்தை சொல்லுவாங்க. அழுதாக் கதவத் தொறந்து உட்டர்றம்னு. மொதத் தடவ நான் நம்பி அழுதேன். படம் சரியா வரல, மறுக்கா அழுன்னுட்டாங்க."